ஞாயிற்றுக்கிழமை கிறிஸ்தவனும் திங்கட்கிழமை சூப்பர்வைசரும்

(மூன்றாம் ஆண்டு அமைப்பியல் மாணவன்)

"கோயில் வேற, வேலை வேற தம்பி. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கிட்டா ரெண்டுமே உருப்படாது!"

எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களில் வேலைக்குப் போகப் போகிற பையனுக்குப் பெரியவர்கள் சொல்லும் புத்திமதி இது. (திருநெல்வேலிச் சீமையில் நாங்கள் சர்ச்சையும் கோயில் என்றுதான் சொல்வோம். மற்ற நண்பர்கள் குழம்ப வேண்டாம்.) சொல்கிறவர்கள் கெட்டவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். ஞாயிறு ஆராதனை தவறாதவர்கள், அசனப் பண்டிகைக்கு அரிசி மூட்டை கொடுப்பவர்கள், சாப்பிடும் முன்பு கண்ணை மூடி ஜெபிப்பவர்கள். ஆனால் திங்கட்கிழமை காலையில் சைட்டுக்குள் கால் வைத்ததும், "இங்க அதெல்லாம் பார்த்தா ஒண்ணும் நடக்காது" என்று சொல்லிவிடுவார்கள்.

இதற்கு நேர் எதிரான புத்திமதியும் உண்டு. "சிவில் எடுத்துட்டியே, அந்த லைன்ல பொய் சொல்லாம ஒரு நாள் ஓட்ட முடியாதே! பேசாம மிஷன் ஸ்கூல்லயோ மிஷன் ஆஸ்பத்திரியிலயோ ஒரு வேலை பாரு" என்பார்கள். இவர்கள் கணக்குப்படி உலகத்தில் சில வேலைகள் சுத்தம், சில வேலைகள் அசுத்தம். சுத்தமான வேலையைப் பார்த்து ஒதுங்கிக்கொண்டால் பரலோகத்துக்கு டிக்கெட் எடுத்த மாதிரி. அப்படியானால் வீடு, பாலம், தண்ணீர்த் தொட்டி, பள்ளிக்கூடம் எல்லாவற்றையும் யார் கட்டுவது? மிஷன் ஆஸ்பத்திரிக் கட்டடத்தையே யார் கட்டுவது?

எனக்கு இது வெறும் பட்டிமன்றத் தலைப்பு இல்லை. டிப்ளமா முடித்ததும் நானும் என்னோடு படிக்கிறவர்களில் பாதிப் பேரும் ஏதாவது ஒரு கட்டடத்தில் சைட் சூப்பர்வைசராக நிற்கப் போகிறோம். சம்பளம் கொஞ்சம்தான். ஆனால் கையெழுத்துப் போடுகிற வேலை. அந்தக் கையெழுத்தை நம்பி நாலு குடும்பம் மேல் மாடியில் கட்டில் போட்டுப் படுக்கும். அதனால் விசுவாசத்துக்கும் வேலைக்கும் உள்ள இந்த வழக்கை இப்போதே பேசித் தீர்த்துக்கொள்வது நல்லது என்று எனக்குப் படுகிறது.

என் கட்சி இதுதான். மேலே சொன்ன இரண்டு புத்திமதியும் தப்பு. அதைவிடப் பெரிய தப்பு ஒன்று இருக்கிறது. எங்கள் ஆட்கள் மனசாட்சியைக் காவலுக்கு நிறுத்தியிருக்கும் இடமே தப்பு. முன் வாசலில் பெரிய பூட்டாகப் போட்டுவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து வைத்திருக்கிறார்கள்.

முன் வாசல் எது என்று சொல்கிறேன். கட்டட வேலைக்குப் போகும் கிறிஸ்தவப் பையன்கள் எதைப் பற்றிக் கவலைப்படுகிறார்கள் என்று எங்கள் வாலிபர் கூட்டத்தில் கேட்டுப் பாருங்கள். முதல் கேள்வி பூமி பூஜை. கடைக்கால் தோண்டும் முன்பு ஐயர் வந்து தேங்காய் உடைக்கும்போது நான் நிற்கலாமா? செருப்பைக் கழற்றலாமா? சர்க்கரைப் பொங்கல் கொடுத்தால் வாங்கலாமா? இரண்டாவது கேள்வி ஆயுத பூஜை. நம் ஒர்க்ஷாப்பிலேயே பார்க்கிறோமே, லேத்துக்குச் சந்தனம், குங்குமம், வைஸுக்கு மாலை! பொரிகடலைப் பொட்டலத்தை வாங்குவதா, வேண்டாமா என்று முதல் வருஷப் பையன்கள் முகத்தைச் சுருக்கிக்கொண்டு நிற்பார்கள். மூன்றாவது, ஞாயிற்றுக்கிழமை வேலை.

இவையெல்லாம் கேலிக்குரிய கேள்விகள் என்று நான் சொல்லவில்லை. கொரிந்து பட்டணத்துக் கிறிஸ்தவர்களும் விக்கிரகத்துக்குப் படைத்த இறைச்சியைச் சாப்பிடலாமா என்று இதே மாதிரிதான் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். பவுல் அப்போஸ்தலன் அதற்கு ஒரு முழு அதிகாரமே பதில் எழுதியிருக்கிறார். சாப்பாடு நம்மைக் கடவுளுக்கு அருகில் கொண்டு போவதும் இல்லை, தூரத்தில் தள்ளுவதும் இல்லை, பக்கத்தில் இருக்கும் பலவீனமான சகோதரன் இடறாமல் பார்த்துக்கொள் என்பதுதான் அதன் சாரம். எனக்கு அது போதும்.

ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம். சனிக்கிழமை ஸ்லாப் போட்டிருந்தால் ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் கட்டத்தான் வேண்டும். ஐ.எஸ். 456 சாதாரண சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாள், வெயில் காயும் இடத்தில் 10 நாள் ஈரம் காயாமல் வைக்கச் சொல்கிறது. கான்கிரீட்டுக்கு ஓய்வுநாள் தெரியாது. ஊற்ற ஆரம்பித்த ஸ்லாபை "ஆராதனைக்கு மணி அடிச்சிட்டாங்க" என்று நினைத்த இடத்தில் நிறுத்தவும் முடியாது. இறுகிப் போன கான்கிரீட்டோடு புதுக் கான்கிரீட் சரியாக ஒட்டாது, அந்த இடத்தில் தண்ணீர் கசியும், பலமும் குறையும். ஓய்வுநாளில் கிணற்றில் விழுந்த மாட்டைத் தூக்கமாட்டீர்களோ என்று இயேசு கேட்டார். தண்ணீர் கட்டிவிட்டு இரண்டாவது ஆராதனைக்குப் போகலாம். ஆனால் லேபருக்கு வாரத்தில் ஒரு நாள்கூட லீவு கொடுக்காமல் வேலை வாங்குகிற சைட் இருந்தால் அதைப் பற்றி ஓய்வுநாள் கட்டளை நிறைய சொல்கிறது. அந்தக் கட்டளை வேலைக்காரனையும் வேலைக்காரியையும் மாட்டையும்கூடச் சேர்த்துத்தான் சொல்லப்பட்டிருக்கிறது. நம் ஆட்கள் அந்தப் பாதியை வாசிப்பதில்லை!

இப்போது கொல்லைக் கதவு.

பயிற்சிக்காக நான் ஒரு சைட்டுக்குப் போயிருந்தேன். பெயர் வேண்டாம். அங்கே இருந்த சூப்பர்வைசர் எங்கள் ஆள்தான். வண்டியில் வசனம் ஒட்டியிருப்பார். மேஸ்திரி ஏதோ கோயில் பிரசாதம் கொண்டு வந்தபோது, "நமக்கு வேண்டாம்பா" என்று கையெடுத்துக் கும்பிட்டு மறுத்துவிட்டார். அரை மணி நேரம் கழித்து ஸ்லாப் கான்கிரீட் ஓடிக்கொண்டிருக்கும்போது கியூப் போடச் சொன்னார். மிக்சரிலிருந்து எடுக்கவில்லை. ஓரத்தில் ஒரு தகரத்தைப் போட்டு, சிமெண்டை அள்ளி அள்ளிப் போட்டு, தனியாக ஒரு கலவை தயாரித்தார். "அண்ணாச்சி, மிக்சர்ல இருந்து எடுக்கலியா?" என்று கேட்டேன். சிரித்தார். "அது ஸ்லாபுக்கு டே. இது லேபுக்கு."

சிவில் படிக்காத நண்பர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். கியூப் என்பது 15 செ.மீ. கனசதுர அச்சில் வார்க்கும் கான்கிரீட் கட்டி. உண்மையாக ஊற்றும் கலவையிலிருந்து எடுத்து, அச்சில் மூன்று அடுக்காகப் போட்டு, ஒவ்வொரு அடுக்கையும் கம்பியால் குறைந்தது 35 குத்துக் குத்தி, மறுநாள் அச்சைப் பிரித்துத் தண்ணீரில் போட்டு வைக்க வேண்டும். 28-ஆம் நாள் அதை மெஷினில் வைத்து நசுக்குவார்கள். எம்-20 கான்கிரீட் என்றால் சுமார் 45 டன் பாரம் வரை அது தாங்க வேண்டும். ஊற்றிய ஸ்லாபை யாரும் உடைத்துப் பார்க்க முடியாது. அதனால் ஸ்லாபுக்குப் பதிலாகச் சாட்சி சொல்ல அந்தக் கட்டியை அனுப்புகிறோம். லேபுக்கென்று தனிக் கலவையில் வார்த்த கட்டி பொய்ச் சாட்சி. வேறு வார்த்தையே கிடையாது.

உபாகமத்தில் 25-ஆம் அதிகாரத்தில் பையில் இரண்டு விதமான எடைக்கல் வைத்திருக்காதே என்று ஒரு சட்டம் வருகிறது. வாங்க ஒரு கல், விற்க ஒரு கல். ஞாயிறு பள்ளியில் இதைப் பலசரக்குக் கடைக்காரருக்கு உள்ள பாடமாகத்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். அன்றைக்குத் தகரத்துப் பக்கத்தில் நின்றபோதுதான் அது எங்கள் சிலபஸிலும் இருக்கிறது என்று தெரிந்தது. ஸ்லாபுக்கு ஒரு கல், லேபுக்கு ஒரு கல்!

தண்ணீரும் அப்படித்தான். கலவை இளக்கமாக இருந்தால் வேலை சீக்கிரம் ஓடும். சட்டி தூக்குகிற சித்தாளுக்கும் சுகம், காண்ட்ராக்டருக்கும் ஒரு மணி நேரக் கூலி மிச்சம். ஆகவே யாராவது ஒருவர் குழாயைத் திறந்துவிடுவார். 50 கிலோ சிமெண்ட் மூட்டைக்கு 0.55 விகிதம் என்றால் 27½ லிட்டர் தண்ணீர். ஒரு பக்கெட் கூடினால் கணக்கே மாறிவிடும். அதிகமான தண்ணீர் பிற்பாடு ஆவியாகப் போகும், போன இடமெல்லாம் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை. அந்த ஓட்டை வழியாக ஈரக்காற்று இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். தூத்துக்குடி மாதிரி உப்புக் காற்று வீசும் ஊர்களில் கேட்கவே வேண்டாம். பத்து வருஷம் கழித்து உத்தரத்தின் அடிப்பகுதி பெயர்ந்து விழும்போது குழாயைத் திறந்தவர் யார் என்று யாருக்கும் ஞாபகம் இருக்காது.

அடுத்தது எம்.புக். அரசு வேலைகளில் எவ்வளவு வேலை நடந்திருக்கிறது என்று அளந்து எழுதும் புத்தகம். பில் போவது அதை வைத்துத்தான். தோண்டாத ஆழம், போடாத ஜல்லி, கட்டாத கம்பி எல்லாம் அதில் ஏறிய கதைகளை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். டேப்பைப் பிடித்து அளப்பவர் பெரும்பாலும் டிப்ளமாக்காரர். அதாவது நாளைக்கு நாம்.

பொங்கல் வாங்கலாமா என்று கேட்கும் வாலிபர் கூட்டத்தில், எம்.புக்கில் கூட எழுதச் சொன்னால் என்ன செய்வது என்று ஒருவர் கேட்டு நான் பார்த்ததில்லை. அதற்கு ஜெபக் குறிப்பும் கிடையாது.

இந்த விஷயத்தில் வேதத்தில் ஓர் அதிகாரம் என்னை ரொம்பவும் யோசிக்க வைத்தது. இரண்டாம் இராஜாக்கள் 5-ஆம் அதிகாரம். நாகமான் கதை. சீரியா ராஜாவின் படைத்தலைவன், குஷ்டரோகி. எலிசா தீர்க்கதரிசி சொன்னபடி யோர்தானில் ஏழு தரம் முழுகிக் குணமாகிறான். இது எல்லாருக்கும் தெரியும், ஞாயிறு பள்ளியில் நாடகம்கூடப் போடுவோம். நாடகம் இங்கேயே முடிந்துவிடும். கதை முடியவில்லை.

குணமான நாகமான் இனி இஸ்ரவேலின் தேவனைத் தவிர வேறு தேவனுக்குப் பலியிட மாட்டேன் என்கிறான். உடனே அவனுக்கு வேலை ஞாபகம் வருகிறது! "என் எஜமான் ரிம்மோன் கோவிலுக்குப் போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டுதான் பணிவார், நானும் குனிய வேண்டியிருக்கும், அது ஒன்றைக் கடவுள் மன்னிக்க வேண்டும்" என்ற பொருளில் கேட்கிறான். எவ்வளவு நேர்மையான கேள்வி பாருங்கள். வேலையை விடப் போவதில்லை, சங்கடத்தை மறைக்கவும் இல்லை. எலிசா ராஜினாமா செய் என்று சொல்லவில்லை. பிரசங்கம் பண்ணவில்லை. சமாதானமாய்ப் போகச் சொல்லி அனுப்பிவிடுகிறார்.

அதே அதிகாரத்தில், அதே நாளில், இன்னொருவன் மாட்டுகிறான். எலிசாவின் வேலைக்காரன் கேயாசி. தீர்க்கதரிசி வீட்டிலேயே வேலை, ஊழியத்திலேயே இருக்கிறவன். மிஷன் ஆஸ்பத்திரி உத்தியோகம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்! எலிசா வேண்டாம் என்று மறுத்த காணிக்கையை விட மனசில்லாமல் நாகமானின் பின்னாலேயே ஓடி, விருந்தாளிகள் வந்திருக்கிறார்கள் என்று பொய் சொல்லி, இரண்டு தாலந்து வெள்ளியும் இரண்டு ஜோடித் துணியும் வாங்கி ஒளித்து வைக்கிறான். எங்கே போனாய் என்று கேட்டதற்கும் பொய். நாகமானின் குஷ்டம் இவனைப் பிடித்துக்கொள்கிறது.

அந்நியக் கோவிலில் குனிந்தவனுக்குச் சமாதானம். பரிசுத்தமான வீட்டில் இருந்துகொண்டு பொய்க் கணக்கில் வெள்ளி வாங்கியவனுக்குக் குஷ்டம். எங்கள் வாலிபர் கூட்டம் ரிம்மோனைப் பற்றியே பேசுகிறது, கேயாசியைப் பற்றிப் பேசுவதில்லை. இதுதான் என் வருத்தம்.

யோவான் ஸ்நானன் கதையும் இதே பக்கம்தான் நிற்கிறது. லூக்கா 3-ஆம் அதிகாரம். ஞானஸ்நானம் வாங்க வந்தவர்களில் வரி வசூலிக்கிற ஆயக்காரர்கள் இருந்தார்கள், போர்ச்சேவகர்களும் இருந்தார்கள். இரண்டுமே அன்றைக்குக் கெட்ட பெயர் எடுத்த வேலைகள், ரோம சாம்ராஜ்யத்தின் ஆட்சியில் அடக்குமுறையோடு சேர்ந்த வேலைகள். நாங்கள் என்ன செய்யணும் என்று கேட்டார்கள். வேலையை விட்டுவிட்டு வனாந்தரத்துக்கு வா என்று யோவான் சொல்லியிருக்கலாம். அவரே வனாந்தரத்தில் வெட்டுக்கிளி சாப்பிட்டு வாழ்ந்தவர்! அப்படிச் சொல்லவில்லை. விதித்ததற்கு மேல் வசூலிக்காதே என்று ஆயக்காரனுக்கும், மிரட்டிப் பறிக்காதே, பொய்யாகக் குற்றம் சாட்டாதே, சம்பளத்தோடு திருப்தியாக இரு என்று சேவகனுக்கும் சொன்னார். ஒவ்வொரு வேலைக்கும் அந்தந்த வேலையின் கொல்லைக் கதவு எது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. இன்றைக்கு ஒரு சைட் சூப்பர்வைசர் போய்க் கேட்டிருந்தால், அளந்ததை எழுது, எழுதியதைக் கட்டு என்றுதான் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன்.

இதில் எந்தப் பக்கம் எந்த விஷயம் சேரும் என்று பிரிக்க நான் ஒரு கேள்வி வைத்திருக்கிறேன். இது தப்பாய்ப் போனால் யார் தலையில் விழும்? பொங்கல் விஷயத்தில் நான் எடுத்த முடிவு தப்பாகவே இருந்தாலும் அது எனக்கும் கடவுளுக்கும் உள்ள வழக்கு. அவர் என்னைக் கேட்டுக்கொள்ளட்டும். கியூப் விஷயத்தில் தப்பு நடந்தால் அது எனக்கு முகம் தெரியாத ஒருவர் தலையில் விழும்.

2014 ஜூன் 28-ஆம் தேதி சென்னை மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து விழுந்தது. 61 பேர் செத்தார்கள். பெரும்பாலும் கட்டட வேலை செய்தவர்கள், பிழைப்புக்காக ஆந்திராவிலிருந்து வந்த பலரும் அதில் உண்டு. பக்கத்தில் இருந்த ஜோடிக் கட்டடத்தை 2016 நவம்பரில் வெடி வைத்துத் தகர்த்தார்கள். 2001 ஜனவரி 26 குஜராத் பூகம்பத்தில் மையத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருந்த அகமதாபாத்தில்கூட அடுக்குமாடிகள் இடிந்தன.

எங்கள் அப்பா கொத்தனார். அவரும் சித்தப்பாவும் சென்ட்ரிங் பிரிக்கும்போது ஸ்லாபுக்கு அடியில்தான் நிற்பார்கள். நாலரை மீட்டர் வரை உள்ள ஸ்லாபுக்கு முட்டு 7 நாள் நிற்க வேண்டும், அதற்கு மேல் போனால் 14 நாள் என்று நாங்கள் பரீட்சைக்கு மனப்பாடம் செய்கிறோம். அந்த நாளை எண்ணும் பொறுப்பு சூப்பர்வைசருக்கு. பலகை அடுத்த சைட்டுக்கு அவசரமாக வேண்டும் என்று நான்காம் நாள் பிரிக்கச் சொன்னால், பிரிக்கிறவர் கோட் படித்தவர் இல்லை. "இன்ஜினியர் தம்பி சொன்னாரு" என்று முட்டைத் தட்டுவார். எங்கள் வீட்டில் இதுவரை யாரும் அந்த இன்ஜினியர் தம்பி இடத்தில் இருந்ததில்லை, எல்லோரும் முட்டுக்கு அடியில்தான் இருந்திருக்கிறார்கள். அதனால் என்னால் "வேலை வேற" என்று லேசாகச் சொல்ல முடியவில்லை.

சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் செத்ததை இயேசு ஒரு தரம் குறிப்பிடுகிறார். செத்தவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகளா என்று கேட்டு, இல்லை என்று அவரே பதில் சொல்கிறார். நம் ஊரில் கட்டடம் விழுந்தாலும் விதி, நேரம், கர்த்தருடைய சித்தம் என்று ஆளுக்கொரு காரணம் சொல்வோம். செத்தவர்கள்மேல் பழி இல்லை என்று இயேசுவே சொன்ன பிறகு, தண்ணீர்க் குழாய்ப் பக்கமும் கியூப் தகரத்துப் பக்கமும் கொஞ்சம் திரும்பிப் பார்க்கலாம். எசேக்கியேல் தீர்க்கதரிசி 13-ஆம் அதிகாரத்தில் சத்தில்லாத சாந்து பூசிய சுவரைப் பற்றிப் பேசுகிறார். மழை வரும், கல்மழை வரும், சுவர் விழும், பூசின பூச்சு எங்கே என்று ஜனங்கள் கேட்பார்கள் என்கிறார். அவர் பொய்த் தீர்க்கதரிசிகளைத்தான் திட்டுகிறார். ஆனாலும் அந்த உவமை சொல்ல அவருக்கு ஒரு மோசமான காண்ட்ராக்டரைப் பார்த்த அனுபவம் இருந்திருக்கும் என்று எனக்கு ஒரு சந்தேகம்!

"எல்லாம் சரிதான். நீ கையெழுத்துப் போடலைன்னா இன்னொருத்தன் போடுவான். உன் வேலை போகும், அவ்வளவுதான்" என்று நண்பர்கள் சொல்வது எனக்குக் கேட்கிறது. இதில் உண்மை இருக்கிறது. நேர்மையாக இருந்தால் கர்த்தர் உயர்த்துவார் என்று மேடையில் சாட்சி சொல்கிறவர்கள், உயர்ந்தவர்கள் மட்டும்தான். உயராதவர்களை யாரும் மேடைக்குக் கூப்பிடுவதில்லை. சத்தியேந்திர துபே என்ற இன்ஜினியர், கான்பூர் ஐ.ஐ.டி.யில் சிவில் படித்தவர், தங்க நாற்கரச் சாலை வேலையில் நடந்த முறைகேடுகளைப் பற்றிப் பிரதமர் அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினார். தன் பெயரை ரகசியமாக வைக்கும்படி கேட்டுக்கொண்டார். பெயர் வெளியே போனது. 2003 நவம்பர் 27-ஆம் தேதி கயாவில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். வயது 30. அவர் கிறிஸ்தவர் இல்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். நேர்மையை எங்கள் சபைக்கு யாரும் குத்தகைக்கு விடவில்லை. என் அப்பாவோடு வேலை செய்யும் ஒரு மேஸ்திரி, நெற்றியில் திருநீறு இல்லாமல் வெளியே வரமாட்டார். ரசமட்டத்தில் குமிழி ஒரு நூல் நகர்ந்தாலும் கட்டிய வரியைப் பிரித்துவிடுவார். கூலி பிடிப்பார்கள் என்று தெரிந்தும் பிரிப்பார்.

ஆகவே எல்லோரும் துபே ஆகுங்கள் என்று எழுத எனக்குத் தைரியமும் இல்லை, உரிமையும் இல்லை. பதினெட்டு வயதில், கல்விக் கடனோடு, முதல் வேலையில் நிற்கிற ஒருவனால் என்ன முடியும் என்றுதான் யோசிக்கிறேன். கொஞ்சம் முடியும்.

ஆகாப் ராஜாவின் அரண்மனை விசாரிப்புக்காரன் ஒபதியா. ஆகாபைவிட மோசமான முதலாளி யாருக்கும் வாய்க்க மாட்டார். ஒபதியா அங்கேயே வேலை பார்த்துக்கொண்டு 100 தீர்க்கதரிசிகளைக் குகைகளில் ஒளித்து வைத்து அப்பமும் தண்ணீரும் கொடுத்தான். எலியாவைப் பார்த்ததும் பயத்தில் நடுங்குகிறான் என்பதையும் வேதம் மறைக்கவில்லை. நடுங்கிக்கொண்டே செய்கிற நன்மையும் கணக்கில் உண்டு என்று எடுத்துக்கொள்கிறேன்.

நம் சைட்டில் அது எப்படி இருக்கும்? நான் பார்க்காத ஆழத்தை எழுத மாட்டேன், நான் அளந்தது இவ்வளவு, மேலே உள்ளவர் வேறு எழுதினால் அவர் கையெழுத்தில் இருக்கட்டும் என்று மரியாதையாகச் சொல்லலாம். சண்டை போட வேண்டியதில்லை. சைட்டில் வைத்திருக்கும் ஆர்டர் புத்தகத்தில் தேதி, நேரம் போட்டு, "தண்ணீர் அதிகம் சேர்த்தார்கள், நிறுத்தச் சொன்னேன்" என்று ஒரு வரி எழுதலாம். அந்த ஒரு வரிக்குக் காண்ட்ராக்டர் பயப்படுவார், ஏனென்றால் எழுத்து நாளைக்குக் கோர்ட்டிலும் பேசும். கம்பி கட்டி முடித்ததும் கவர் பிளாக் எல்லா இடத்திலும் இருக்கிறதா என்று குனிந்து பார்க்கலாம். கான்கிரீட் மூடிய பிறகு எந்த ஜெபத்தாலும் அதை நகர்த்த முடியாது. சட்டத்தையும் தெரிந்து வைத்துக்கொள்ளலாம். 1988 ஊழல் தடுப்புச் சட்டம் 2018-இல் திருத்தப்பட்ட பிறகு லஞ்சம் கொடுப்பதும் நேரடிக் குற்றம். கட்டாயப்படுத்தி வாங்கினார்கள் என்றால் 7 நாளைக்குள் புகார் செய்தால் பாதுகாப்பு உண்டு. இதையெல்லாம் நம் பாடத்திட்டத்தில் ஒரு மணி நேரம்கூட யாரும் சொல்லித் தருவதில்லை. மாணவர் பேரவை அடுத்த ஆண்டு ஒரு வக்கீலைக் கூப்பிட்டுப் பேச வைத்தால், நடனப் போட்டிக்குச் செலவழிப்பதில் கால் பங்குகூட ஆகாது!

கடைசியாகச் சபைக்கு ஒரு வார்த்தை. கோபித்துக்கொள்ளக் கூடாது.

சகேயு என்ற ஆயக்காரன் மனம் மாறினபோது ஆலயத்துக்கு ஒரு மணி வாங்கிக் கொடுக்கவில்லை. ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்கு என்றான், அநியாயமாய் யாரிடம் வாங்கினேனோ அவர்களுக்கு நாலத்தனை திருப்பித் தருகிறேன் என்றான். யாரிடம் எடுத்தாயோ அவரிடம் திருப்பிக் கொடு என்பதுதான் அதில் உள்ள நியாயம். நம்மிடம் நடப்பது வேறு. ஏழு இன்ச் ஜல்லியில் நாலு இன்ச் போட்டு மிச்சம் பிடித்த பணத்தில் பத்தில் ஒரு பங்கு காணிக்கைப் பெட்டிக்கு வருகிறது. ரோட்டில் பள்ளத்தில் விழுந்து கால் ஒடிந்தவனுக்கு ஒன்றும் வருவதில்லை. கொடுத்தவர் பெயர் பளிங்குக் கல்லில் ஏறுகிறது. சபையில் யாரும் இந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்பதில்லை. கேட்டால் அடுத்த வருஷம் கோபுரத்துக்குப் பெயின்ட் அடிக்க முடியாதே! பெரியவர்கள் "கோயில் வேற, வேலை வேற" என்று சொல்வது இந்த இடத்தில்தான் சுத்தமாகப் பொய்யாகிறது. பணம் மட்டும் எந்தத் தடையும் இல்லாமல் வேலையிலிருந்து கோயிலுக்கு வந்துகொண்டுதான் இருக்கிறது.

எங்கள் வாலிபர் கூட்டத்துக்கு ஆண்டுதோறும் தலைப்புகள் குறிப்பார்கள். காதல் கலியாணம், செல்போன், சினிமா எல்லாம் இருக்கும். இந்த முறை "எம்.புக்கும் கேயாசியும்" என்று ஒரு தலைப்பை எழுதிப் போதகர் ஐயாவிடம் கொடுத்திருக்கிறேன். வாசித்துப் பார்த்தார். எம்.புக் என்றால் என்ன என்று கேட்டார், சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "கமிட்டில வச்சுத்தான் சொல்லணும் தம்பி, அங்க ரெண்டு மூணு காண்ட்ராக்டர்மார் இருக்காங்க" என்றார். சீட்டைக் கிழித்துப் போடவில்லை. சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.